யானைக்கான தோட்டா

டாக்டர் சந்திரமௌலிக்குத் துப்பாக்கி மேல் ஆசை வந்தது, மருத்துவமனையில் மயக்க மருந்துத் துறையின் தலைவர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்த பிறகுதான். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. தலைவர் விட்டேக்கர் வருடாவருடம் அக்டோபரில் வடக்கே ஒரு ஏரிக்கரைக் குடிலுக்கு மூஸ் வேட்டைக்குப் போவார். அவரோடு போய்வந்தவர்கள்தான் பிறகு பதவியில் மேலே போனார்கள். 1973இல் முதல் முறையாகச் சந்திரமௌலிக்கும் அழைப்பு வந்தது.

மூஸ் மான் இனம்தான். உயரத்தில் குதிரையைத் தாண்டும். சந்திரமௌலி முட்டை கலந்த கேக்கைக் கூட விசாரித்துவிட்டு ஒதுக்குகிறவர்.

அவர் என் மனைவியின் அக்கா கணவர். வசுமதி அதற்கு முந்தைய வருடம் இறந்துவிட்டாள். அவள் அவரை அத்திம்பேர் என்பாள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். பிறகு மாற்றிக்கொள்ள வேறு சொல் கிடைக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சு பேசும் எங்கள் ஊரின் புறநகரான புவாண்ட்-கிளேரில் இருந்த தன் வீட்டுக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். என் அப்பா டாப்ஸ்லிப்பில் வனத்துறை ரேஞ்சராக இருந்தவர். அங்கே தெரிந்த தமிழர்களில் தோட்டாவைக் கையால் தொட்டவன் நான் ஒருவன்தான். அதனால் கூப்பிட்டார். என்னிடம் கேட்பதற்குள், தொட்டே இராத ஒருவரிடம் கேட்டுவிட்டிருந்தார். அவர் பேராசிரியர் நாகசுப்பிரமணியன். பல்கலைக்கழகத்தில் பாலங்களைப் பற்றிப் பாடம் எடுப்பவர். சோபாவில் ஸ்லைடு ரூலோடு உட்கார்ந்திருந்தார்.

"வாடா ஜம்பு. துப்பாக்கி ஆர்டர் கொடுக்கப் போறேன். கடைல தொங்கறது இல்லை. எனக்குன்னு அளவெடுத்துப் பண்றது, சூட் தைக்கற மாதிரி" என்றார் சந்திரமௌலி. "எந்தத் தோட்டாவுக்குன்னு முதல்ல முடிவு பண்ணணுமாம்."

"தர்ட்டி-ஓ-சிக்ஸ்" என்றேன். "இல்லேன்னா த்ரீ-நாட்-த்ரீ. இந்த ஊர்ல மூஸெல்லாம் அதுலதான் சாகறது. எந்தப் பட்டிக்காட்டுக் கடைலயும் தோட்டா கிடைக்கும்."

"எல்லாரும் வச்சிருக்கறதையா?" அவர் முகம் சுருங்கியது. கல்யாண விருந்துக்கு வந்தவரிடம் சத்திரத்துச் சாப்பாட்டைச் சிபாரிசு செய்துவிட்டேன் போல.

நாகசுப்பிரமணியன் தொண்டையைச் செருமினார். "அபிப்பிராயம் வேண்டாம் சார். கணக்குப் பார்த்துடுவோம். மூஸ் என்ன வெயிட் இருக்கும்?"

சொன்னேன். அவர் அதை இரண்டால் பெருக்கினார்.

"எதுக்கு இரண்டு?"

"சேஃப்டி ஃபேக்டர். பாலத்துக்கும் அப்படித்தான். லாரி எவ்வளவு கனம்னு தெரிஞ்சாலும் அந்தக் கனத்துக்குக் கட்டமாட்டோம்."

"மூஸ் பாலத்து மேல ஏறல சார்."

"ஏறித்துன்னா?" என்று சந்திரமௌலி சிரித்தார். அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது.

வேகத்துக்கு இத்தனை மார்க், குண்டின் எடைக்கு இத்தனை, மோதும் சக்திக்கு இத்தனை என்று பேராசிரியர் ஒரு காகிதத்தில் கட்டம் போட்டார். அடியையும் பவுண்டையும் ஒன்றாகக் கூட்டினார். என்னிடம் வேலை பார்க்கும் ஒருவன் அப்படிக் கூட்டியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். தர்ட்டி-ஓ-சிக்ஸ் கடைசி ராங்கில் பாஸ் ஆனது. முதல் ராங்க் வாங்கியது த்ரீ-செவன்ட்டிஃபைவ். வெள்ளைக்காரத் துரைகள் ஆப்பிரிக்காவில் யானைக்கும் காட்டெருமைக்கும் வைத்துக்கொண்ட தோட்டா அது. எங்கள் காட்டுக்கும் ஒரு துரை அதோடு வந்திருக்கிறார். அப்பாதான் சுமந்தார்.

"த்ரீ-செவன்ட்டிஃபைவ்" என்று சந்திரமௌலி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வாய்க்கு ருசியாக இருந்தது.

"இது கிராமத்துக் கடைல கிடைக்காது. அடி தோள்ல விழும்" என்றேன்.

"தோளுக்கு ரப்பர் வச்சுக்கலாமே" என்றார் பேராசிரியர்.

உஷா, என் மனைவியின் அக்கா, மோர் எடுத்துக்கொண்டு வந்தாள். காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "ஜாதகப் பொருத்தமா பார்க்கறேள்? பொண்ணு யாரு?"

"மூஸ்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. டம்ளர்களை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சந்திரமௌலியை நான் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எண் இருந்தால் அவருக்குப் போதும். வசுமதி கடைசியாகப் படுத்திருந்தபோது தினமும் வந்தார். கட்டிலின் காலடியில் தொங்கிய அட்டையை எடுத்துப் படிப்பார். எவ்வளவு மருந்து, எந்த நேரம் என்று நர்ஸோடு பேசுவார். அட்டையை மாட்டிவிட்டு "குட்" என்பார். அவள் முனகிக்கொண்டிருப்பாள். அவர் தலை அந்தப் பக்கம் திரும்பி நான் பார்க்கவில்லை.

துப்பாக்கி செய்கிறவன் பெயர் காபோர். ஹங்கேரிக்காரன். செயின்ட்-மிஷேலில் ஒரு கார் மெக்கானிக் கடையின் பின்புறம் பட்டறை வைத்திருந்தான். மோதிரம் போட்ட விரல்கள். சந்திரமௌலியின் கையையும் தோளையும் நாடாவால் அளந்தான். தோட்டா எது என்று கேட்டான்.

"த்ரீ-செவன்ட்டிஃபைவ்."

"போன் ஷ்வா, டாக்தர்!" நல்ல தேர்வு என்று பிரெஞ்சில் கையைத் தட்டினான்.

சந்திரமௌலி என்னைப் பார்த்தார். நான் காபோரிடம், "தர்ட்டி-ஓ-சிக்ஸ் வைத்தால்?" என்றேன்.

"போன் ஷ்வா" என்றான் அதே முகத்தோடு.

கவண்கல் என்றாலும் அதையே சொல்லியிருப்பான்.

வெளியே வந்ததும் சந்திரமௌலியிடம் கடைசியாக ஒரு முறை சொன்னேன். "தோட்டா உக்கார்ற இடத்தை அவன் ஒரு தடவை குடைஞ்சுட்டான்னா அப்பறம் பெருசாக்கலாம். சின்னதாக்க முடியாது. யோசிச்சுக்கோங்கோ."

"சின்னதாக்கணும்னு நான் எதுக்குடா நினைக்கப்போறேன்?"

நான் வண்டிக் கதவைத் திறந்தேன்.

துப்பாக்கி செப்டம்பரில் வந்தது. அழகாகத்தான் இருந்தது. வால்நட் கட்டை, கையால் செதுக்கிய பிடி, அடியில் வெள்ளித் தகட்டில் அவர் பெயரின் முதலெழுத்துகள். கூடவே காபோர் நிரப்பிக் கொடுத்த இரண்டு பெட்டித் தோட்டா. ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். சுடும் மைதானத்துக்குப் போய் மூன்று முறை சுட்டார். தோள் நீலம் பாரித்தது. உஷா ஒத்தடம் கொடுத்தாள். "பழகிடுத்து" என்று சொல்லி அதோடு நிறுத்திவிட்டார்.

வேட்டைக்குக் கிளம்பவேண்டிய வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜையாக அமைந்தது. சாமான்களையும் வண்டியையும் பார்த்துக்கொள்ள நானும் வருவதாக ஏற்பாடு. வேறு வேலை இல்லை. வீட்டில் இருந்தாலும் சுவரைத்தான் பார்ப்பேன்.

நான் போனபோது பூஜை முடிந்திருந்தது. உஷா வீட்டில் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. குழந்தைகளின் பிரெஞ்சுப் பாடப்புத்தகம், ஸ்டெதஸ்கோப், கார் சாவி, தையல் மிஷின் ஊசி, சந்திரமௌலியின் தடித்தடியான மருத்துவப் புத்தகங்கள், எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. மேலே குறுக்காகத் துப்பாக்கி. வெள்ளித் தகட்டில் சந்தனம், குங்குமம். அடுக்கின் உச்சியில் வசுமதியின் கணிதப் புத்தகம். எம்.எஸ்ஸி.க்கு அவள் படித்துக்கொண்டிருந்தது. பாதியில் அடையாளத்துக்கு வைத்த ஒரு பஸ் டிரான்ஸ்ஃபர் சீட்டு, பஸ் மாறி ஏறக் கொடுப்பது, நீட்டிக்கொண்டிருந்தது.

சந்திரமௌலி கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். "சாவி எங்கே?"

"பூஜைல" என்றாள் உஷா. "இன்னிக்கு எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலம்பர புனர்பூஜை பண்ணிட்டுத்தான்."

"நாளைக்குக் காலம்பர நான் காட்டுல இருக்கணும்."

"துப்பாக்கியையும்தான் வச்சிருக்கேன். ஆயுதத்துக்குத்தானே பூஜை?"

"உஷா, விட்டேக்கர் அங்க காத்துண்டிருக்கார். சரஸ்வதி அட்ஜஸ்ட் பண்ணிப்பா."

"அப்ப இப்பவே புனர்பூஜையா படத்தை வடக்க ஒரு தடவை நகர்த்தி, ஒரு வாழைப்பழமாவது நைவேத்தியம் பண்ணிக்கறேன். ஒரு நிமிஷம் இருங்கோ."

அவர் இருக்கவில்லை. துப்பாக்கியை இழுத்தார். சாவியை உருவினார். அடுக்கு சரிந்தது. வசுமதியின் புத்தகம் தரையில் விழுந்தது. உஷா குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். புத்தகங்களைத் திரும்ப அடுக்கிப் பட்டுத்துணியை இழுத்து மூடினாள். நான் அந்தப் பஸ் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நழுவவில்லை.

"வாடா" என்றார் சந்திரமௌலி வாசலிலிருந்து.

சாமான் பையில் புளியோதரையும் தயிர் சாதமும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் ஒரு பட்டாளத்துக்குக் காணும் அளவுக்கு இருந்தன. தோட்டா இல்லை. அது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

குடில் நாட்டு மரத்தில் கட்டியது. டெலிபோன் கிடையாது. விட்டேக்கரோடு இரண்டு அறுவை மருத்துவர்கள் இருந்தார்கள். மூவரின் துப்பாக்கிகளும் சுவரோரம் சாய்த்திருந்தன. மூன்றும் போர் முடிந்து மலிவாக விற்ற பழைய த்ரீ-நாட்-த்ரீ. விட்டேக்கருடையதில் கட்டை விரிசல் விட்டுக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. சந்திரமௌலி உறையிலிருந்து தன்னுடையதை எடுத்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கடவுளே," என்றார் பெல்லமி என்ற மருத்துவர். "இங்கே மூஸ்தான் இருக்கிறது, டாக்டர். டாங்கி இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். சந்திரமௌலியும் சிரித்தார். அவர்கள் மெச்சுகிறார்கள் என்று நினைத்தார். விட்டேக்கர் மட்டும் துப்பாக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்து, குங்குமத்தை விரலால் தொட்டு, "துருவா?" என்றார்.

"அலங்காரம்" என்றார் சந்திரமௌலி. கைக்குட்டையால் துடைத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் பையைக் கொட்டித் தேடினார். இட்லிகள் உருண்டன. என்னைக் குடிலின் பின்புறம் இழுத்துக்கொண்டு போனார்.

"தோட்டா இல்லைடா."

"எங்க வச்சேள்?"

அவர் யோசித்தார். முகத்தில் புரிவது தெரிந்தது. "பூஜைல. துப்பாக்கியோட உஷா பெட்டியையும் வாங்கி என் புக்ஸுக்கு அடில வச்சா."

கிராமத்துக் கடைக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனோம். மாவு, மண்ணெண்ணெய், ரப்பர் பூட்ஸ், தோட்டா எல்லாம் விற்கும் கடை. த்ரீ-நாட்-த்ரீ ஒரு அலமாரி முழுக்க இருந்தது. தர்ட்டி-ஓ-சிக்ஸ் இருந்தது. த்ரீ-செவன்ட்டிஃபைவ் என்றதும் கடைக்காரன் காது அருகே கையை விசிறிபோல் ஆட்டிக்காட்டி, "யானைக்கா?" என்று கேட்டான்.

"அவாகிட்ட சொல்லிடுங்கோ," என்றேன் திரும்பும்போது. "ஒரு த்ரீ-நாட்-த்ரீ இரவல் கொடுப்பா. பொண்டாட்டி பூஜைல வச்சுட்டா, மறந்துட்டேன்னு சொன்னா சிரிப்பா. அவ்வளவுதான். உங்களைப் பிடிச்சுக்கூடப் போகும்."

"பூஜைன்னு சொல்றதா? விட்டேக்கர்கிட்டயா?" அவர் அசிங்கத்தை மிதித்தவர் போல் என்னைப் பார்த்தார். "டிபார்ட்மென்ட்டை எங்கிட்ட கொடுக்கறதா வேண்டாமான்னு மனுஷன் பார்த்துண்டிருக்கார். குங்குமம் வச்சேன், வாழைப்பழம் வச்சேன்னு சொல்லணுமா?"

"அப்ப என்ன பண்ணப்போறேள்?"

"தூக்கிண்டு போறேன். மூஸ் என்ன வரிசைல நின்னுண்டா வரப்போறது?"

அப்படியே செய்தார். சனிக்கிழமை முழுவதும் வெற்றுத் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு விட்டேக்கரின் பின்னால் நடந்தார். சாயங்காலம் ஒரு பெண் மூஸ் தண்ணீர் குடிக்க வந்து நின்றது. விட்டேக்கர், "உங்களுடையது, டாக்டர்" என்று சைகை காட்டினார். சந்திரமௌலி தலையை ஆட்டி மறுத்துவிட்டார். சாப்பாட்டின்போது காரணம் சொன்னார்.

"எங்கள் குடும்ப வழக்கம். முதலில் வரும் மிருகத்தை விட்டுவிடுவோம்."

அவர் குடும்பத்தில் காட்டைப் பார்த்தவர் எவரும் இல்லை. தாத்தா தஞ்சாவூர் கலெக்டர் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. இல்லாத வழக்கத்தைச் சொல்ல வாய் கூசவில்லை. இருக்கும் வழக்கத்தைச் சொல்லத்தான் கூசியது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் அது பொய் என்று தெரிந்தவன் நான் ஒருவன். நான் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

விட்டேக்கருக்கு அந்த வழக்கம் பிடித்துவிட்டது. "பெருந்தன்மை" என்றார். விஸ்கிக் கோப்பையை உயர்த்தினார். சந்திரமௌலி ஆரஞ்சு ஜூஸை உயர்த்தினார். பதவி அன்றைக்கு அவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. படுக்கப் போகும்போது என் தோளைத் தட்டினார். "பார்த்தியா? தோட்டாவே வேண்டியிருக்கல."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சதுப்பின் இரண்டு பக்கமும் பிரிந்து நின்றோம். அந்தக் கரையில் விட்டேக்கரும் மற்ற இருவரும். இந்தக் கரையில் சந்திரமௌலியும் நானும். நடுவில் இடுப்பளவுக் கறுப்புத் தண்ணீர். பெரிய ஆண் மூஸ் ஒன்று அந்தப் பக்கத்துப் புதரிலிருந்து வந்தது. விட்டேக்கர் சுட்டார். குண்டு முதுகெலும்பில் தாழ்வாகப் பட்டது. பின்னங்கால்கள் செத்துவிட்டன. அது முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு தண்ணீரைக் கடந்து எங்கள் பக்கம் கரையேறியது. எங்களுக்கு முன்னால், ஒரு அறையின் நீளத்தில், விழுந்தது.

விட்டேக்கர் மறுபடி சுட முடியாது. அவர் பக்கமிருந்து பார்த்தால் மூஸுக்கு நேர் பின்னால் நாங்கள் நின்றோம்.

"முடித்துவிடுங்கள், டாக்டர்!" என்று கத்தினார்.

சந்திரமௌலி துப்பாக்கியை உயர்த்தினார். குறி பார்த்தார். மூஸ் எங்களைப் பார்த்தது. முனகியது. அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு மெல்லிய சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒரு வாரம் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"டாக்டர்! சுடுங்கள்!"

அவர் சுடவில்லை. துப்பாக்கியை இறக்கவும் இல்லை. இறக்கினால் எல்லாம் தெரிந்துவிடும். கன்னத்தைக் கட்டையில் பதித்து, ஒரு கண்ணை மூடி, படத்துக்கு நிற்பவர் போல் நின்றார்.

"அதில் தோட்டா இல்லை!" என்று நான் அந்தக் கரைக்குக் கேட்கும்படி கத்தினேன்.

"ஜம்பு!" என்றார் அவர், கன்னத்தை எடுக்காமலே.

நான் தண்ணீரில் இறங்கினேன். குளிர் மூச்சை அடைத்தது. பெல்லமி பாதி வழி வந்து டேப் சுற்றிய த்ரீ-நாட்-த்ரீயைக் கொடுத்தார். திரும்பி நடந்து, கரையேறி, பக்கவாட்டில் போய், காதுக்குப் பின்னால் வைத்துச் சுட்டேன். முனகல் நின்றது. நான் திரும்பியபோது சந்திரமௌலி இன்னும் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

விட்டேக்கர் சதுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தார். கோபப்படவில்லை. சந்திரமௌலியின் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கி, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் வெறும் இடத்தைப் பார்த்தார். மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"ஒருவரை மயக்கத்தில் ஆழ்த்துவதற்கு முன் என்ன செய்வீர்கள், டாக்டர்?"

"மருந்து இருக்கிறதா என்று பார்ப்பேன்."

"இல்லையென்றால்?"

சந்திரமௌலி வெள்ளித் தகட்டை விரலால் துடைத்தார்.

"சொல்லிவிடுவீர்கள் என்று நம்புகிறேன்" என்றார் விட்டேக்கர். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு மூஸிடம் போனார். அதற்கு மேல் அவர் அந்த விஷயத்தைப் பேசவே இல்லை. பேச ஒன்றும் மீதியில்லை. பதவி போனது அங்கேதான். டிசம்பரில் அது பெல்லமியின் நண்பன் ஒருவனுக்குக் கிடைத்தது என்று வந்த செய்தி வெறும் காகிதம்.

திங்கட்கிழமை வீடு திரும்பினோம். புவாண்ட்-கிளேருக்குள் நுழைந்த பிறகு, "நீ கத்தியிருக்க வேண்டாம்" என்றார் சந்திரமௌலி.

"அது எவ்வளவு நேரம் முனகணும்னு நினைச்சேள்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் பூஜை சாமான்கள் எடுக்கப்பட்டிருந்தன. படத்துக்கு முன்னால் இரண்டு தோட்டாப் பெட்டிகளும் வசுமதியின் புத்தகமும் மட்டும் இருந்தன. பெட்டிகள் திறந்திருந்தன. ஒவ்வொரு தோட்டாவின் பித்தளை அடியிலும் குங்குமப் பொட்டு. சந்திரமௌலி அவற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டெலிபோன் இருந்த அறைக்குள் போனார்.

உஷா என்னிடம், "என்ன ஆச்சு?" என்றாள்.

"வேலை கிடைக்காது."

அவள் தோட்டாப் பெட்டிகளை மூடினாள். "அடுக்கு சரிஞ்சப்பறம் துணியைப் போத்தறச்சயே, பெட்டி அங்கயே கிடக்கறதைப் பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாமே அக்கா."

"துப்பாக்கியைத் தடுக்க முடியல. தோட்டாவாவது பூஜைலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "அவருக்கு அந்த வேலை கிடைக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஒரு ஜீவனைக் கொன்னுதான் வாங்கணுமா? தப்பிச்சுதா இல்லையா அது, சொல்லு?"

அது சதுப்பில் எப்படி நகர்ந்து வந்தது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மிருகத்தைப் பற்றிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அதனால் பொய் சொன்னேன்.

"தப்பிச்சுது."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். வசுமதியின் புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "விஜயதசமியன்னிக்கே எடுத்திருக்கணும். நீதான் எடுக்கணும்னு வச்சிருந்தேன். ஒரு வரியாவது படி."

பஸ் சீட்டு இருந்த பக்கத்தைத் திறந்தேன். ஓரத்தில் பென்சிலில் அவள் கையெழுத்து: 'இது தெளிவு.' நான் இன்ஜினீயர். அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழே படித்தேன். எனக்கு ஒன்றும் தெளிவாகவில்லை. சீட்டை அதே இடத்தில் வைத்து மூடினேன்.

உள்ளே சந்திரமௌலி காபோரிடம் பேசிக்கொண்டிருந்தார். "இல்லை, தோட்டாவில்தான் தவறு. ஒத்துக்கொள்கிறேன். அதைத் தர்ட்டி-ஓ-சிக்ஸாக மாற்ற முடியுமா?... முடியாதா?... சரி, புதிதாகவே ஒன்று செய்தால்?"

கதவு திறந்திருந்தது. ரிசீவரிலிருந்து காபோரின் குரல் கூடம் வரை கேட்டது.

"போன் ஷ்வா, டாக்தர்!"